கதவு உள்ள ஒரே அறை

எங்கள் வலியசாலைத் தெருவுக்கு இன்று ஒரு பெண் வந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி அவர்களிடமே கேட்டு ஆய்வு செய்கிறார்களாம்.

அடுத்த வீட்டு நித்யா பத்தாம் வகுப்பு. ஓணப் பரீட்சைக்குப் பிறகு அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதுமில்லை. அவள் அம்மா கோமதி பயந்துபோய் என்னையும் துணைக்கு அழைத்திருந்தாள்.

"உறக்கம் எப்படி உண்டு மோளே?" என்று மலையாளம் கலந்த தமிழில் நித்யாவைக் கேட்டாள் வந்தவள்.

"நன்னாத்தான் தூங்கறா," என்றாள் கோமதி.

"ஸ்கூல்ல விஷமம், மனசுக்குச் சங்கடம் வல்லதும் உண்டா?"

"ஒண்ணுமில்லை. எல்லாம் இந்த மொபைலாலதான்."

"சேச்சி, நான் குட்டிகிட்டயல்லே கேட்டேன்? தனியா இருந்து பேசணும்."

எங்கள் தெரு வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். தனியாகப் பேச எங்கே போவது?

என் வீட்டில், என் கணவரின் ஆபீஸ் அறைக்கு மட்டும் கதவு உண்டு. அவர் போன பிறகு அங்கே நான் யாரையும் விட்டதில்லை. இன்று கோமதியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, தூசி தட்டி, இருவரையும் உள்ளே உட்கார வைத்தேன். கோமதியை என் சமையலறையில் பிடித்து வைத்தேன்.

வெகுநேரம் கழித்து நித்யா வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. மனநல ஆலோசகரைப் பார்க்க அவளே சம்மதித்துவிட்டாளாம்.

"மாமி, தோசை இருக்கா?" என்றாள்.

மூன்றாவது தோசையின்போது மெதுவாகக் கேட்டேன்: "அப்படி என்னடி சொன்னே அவகிட்ட?"

"அது பிரைவட், மாமி."

என் வீட்டில், என் தோசையைத் தின்றுகொண்டே சொல்கிறாள். இத்தனை நிம்மதி தந்த பதிலை நான் சமீபத்தில் கேட்டதில்லை. உங்களிடம் யாராவது இப்படிச் சொல்லியிருக்கிறார்களா?