ராமுலுவுக்கு நாற்காலி போடாத நாள்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவர் மனதை நோகடிக்க வேண்டுமானால் திட்ட வேண்டியதில்லை. நாற்காலி போட்டால் போதும். இது எங்களுக்கே தெரியாது. ராமுலு சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

ராமுலு இத்தாலிக்காரர். சொந்தப் பெயர் ரொமோலோ. அந்தப் பெயர் எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆந்திரா கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது, வந்த வாரமே ராமுலு என்று வைத்துவிட்டார்கள். அவர் மனைவி லொரெட்டாவின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தவனை அவள் முறைத்த முறைப்பு அப்படி.

மனிதர் இந்தப் பக்கம் கப்பல் இன்ஜின் பொருத்தித் தரும் வேலைக்கு வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வந்து பழவேற்காடு ஏரியைப் பார்த்தார். அவர் பிறந்த கியோஜாவும் இப்படித்தானாம். கடலும் உப்பு ஏரியும் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அப்பா, தாத்தா எல்லாரும் வலை போட்டவர்கள். வேலை முடிந்து மற்றவர்கள் விமானம் ஏறினார்கள், இவர் ஏறவில்லை. எனக்குப் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்து மனைவியை வரவழைத்தார். ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்று வந்த லொரெட்டா எட்டு வருடமாக இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்க ஊர்ல பொழைக்க வழியில்லாதவன்லாம் ஆஸ்திரேலியா போனான், அர்ஜென்டினா போனான். வழி தப்பி இங்க வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்பார் ராமுலு. தமிழை அவர் படகில் கற்றுக்கொண்டதால் கெட்ட வார்த்தைகள் முதலில் வந்தன, இலக்கணம் இன்னும் வந்து சேரவில்லை. ஃபைபர் படகு இன்ஜின் எது மக்கர் செய்தாலும் அவரிடம்தான் போகும். காதை வைத்துக் கேட்பார், இத்தாலி மொழியில் அதைத் திட்டுவார், அது ஓடும்.

லொரெட்டாவை முதன்முதலில் திட்டியவள் என்ற பெருமை எனக்கு உண்டு. கோதுமை மாவைப் பிசைந்து ரிப்பன் ரிப்பனாக வெட்டி, நான் கருவாடு காயப்போடும் கயிற்றிலேயே தொங்கவிட்டிருந்தாள். என் ஆடு அதில் பாதியைத் தின்றுவிட்டது. ஆடு தின்றதற்கு அவள் என் மேல் பாய்ந்தாள். அதுவரை "வாங்கம்மா, போங்கம்மா" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்த நானும் பொறுமை இழந்தேன்.

"இன்னாடி நெனச்சிக்கினு கீற? கயிறு உங்க ஊர்லேர்ந்து கொண்டாந்தியா?"

அவள் இத்தாலி மொழியில் கத்த, நான் தமிழில் கத்த, தெருவே கூடிவிட்டது. மறுநாள் காலையில் ஒரு தட்டு நிறைய அந்த ரிப்பனை வேகவைத்து எடுத்துவந்து, "சாப்புடு, பானு" என்றாள். நல்ல நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் மோசமில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் நீ, நான்தான்.

ராமுலுவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. ஊர் ஆண்கள் அவருக்கு விடாமல் மரியாதை செய்தார்கள். கல்யாணமா, காரியமா, கூட்டமா, எல்லாரும் மணலில் குந்தியிருப்பார்கள். இவர் தலை தெரிந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஓடி வரும். அவர் எழுந்து மணலில் உட்காரப் போனால் இரண்டு பேர் தூக்கித் திரும்ப நாற்காலியில் வைப்பார்கள்.

ஒரு நாள் என் வாசலில் நின்று புலம்பினார்.

"என் மாமா மெல்போர்ன் போனாரு, பானு. அங்க, 'எப்போ திரும்பிப் போவே?'னு திட்டுவாங்களாம். இங்க நாற்காலி போடறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரியாதை என்று நினைத்து எட்டு வருடமாக அந்த மனிதரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம்.

எங்கள் ஊரில் ஒருவன் ஊர்க்காரன் என்பதற்கு ஒரே அடையாளம்தான். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் அவ்வப்போது மணல் மூடிக்கொள்ளும். கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, அடுப்பு எரியாது. அப்போது ஊர் கூடி மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டித் திறந்துவிட வேண்டும். முந்தின நாள் முடிவாகும், விடிந்ததும் ஊருக்குச் சேதி சொல்லும் சம்பந்தம் தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, "வூட்டுக்கு ஒரு ஆளு!" என்று கத்துவார். தண்டோரா போடவே பிறந்த தொண்டை. என் கதவைத் தட்டுவார். அடுத்து ராமுலுவின் வாசல் வந்ததும் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் தாண்டிப் போவார்.

போன வருடம் ராமுலு கூப்பிடாமலே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மண்வெட்டியைப் பிடுங்கி, பனையோலைப் பந்தலில் நாற்காலி போட்டு, கையில் இளநீரைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஊரே வியர்வையில் குளிக்க, இவர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடவே இல்லை என்று லொரெட்டா சொன்னாள்.

இந்த வருடம் மறுபடி மணல் மூடியது. சம்பந்தம் மறுபடி தாண்டிப் போனார். ராமுலு கட்டிலில் கவிழ்ந்து படுத்துவிட்டார்.

மண் வெட்டப் போனவர்களின் படகு நடு ஏரியில் நின்றுபோனது. இன்ஜின் கயிற்றை இழுத்து இழுத்துக் கை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் ராமுலுவுக்குப் போன் போட்டார்கள்.

"சாரு தூங்கறாரு" என்றார் ராமுலு. "சாரு வூட்டுக்கு யாரும் சொல்லல" என்று வைத்தும்விட்டார்.

இன்னொரு படகு வந்து இழுத்துப் போவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அரைகுறையாக வெட்டிய வாய்க்காலை அலை மறுபடி மூடிவிட்டது. ஊருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அதுவரை 'அவரு' என்றவர்கள் எல்லாம் ஒரே நாளில் 'அவன்' என்றார்கள். மறுநாள் அம்மன் கோயில் முன்னால் கூட்டம். ராமுலு வந்து பதில் சொல்ல வேண்டும்.

பெண்களுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. கோயில் சுவருக்குப் பின்னால் நின்று கேட்க மட்டும் எந்தத் தடையும் கிடையாது. நானும் லொரெட்டாவும் நின்றோம். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. ஊரை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான், பொய் சொல்லவில்லை.

ராமுலு வந்தார். பழக்க தோஷத்தில் சம்பந்தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அத்த எட்றா!" ஊர்த் தலைவர் தருமலிங்கம் போட்ட சத்தத்தில் நாற்காலி கீழே விழுந்தது. "தப்பு பண்ணவன் நின்னுக்கினுதான் பதில் சொல்லணும். யாரா இருந்தா இன்னா?"

ராமுலு நின்றார்.

"இன்னா ராமுலு, ஊர் வேலைக்கு ஏன் வர்ல?"

"கூப்டல."

"எட்டு வருசமா இந்தத் தண்ணிய குடிச்சிக்கினு, இந்த மீன துன்னுக்கினு கீற. கூப்டாதான் வருவியா நீ?"

சம்பந்தம் தலையைச் சொறிந்தார். "அது இல்ல தலைவரே, வெள்ளக்காரர் வூட்டாண்ட போய் எப்டி கத்தறதுன்னு..."

"மத்த வூட்ல எப்டி கத்துவியோ அப்டி கத்து! உன்ன அப்பால வச்சிக்கிறேன்." தலைவர் ராமுலு பக்கம் திரும்பினார். "அடுத்த வாட்டி மண்ணு வெட்ட வர்ற அத்தினி பேருக்கும் உன் வூட்டு சாப்பாடு. இதான் தண்டம். இன்னொரு வாட்டி இப்டி பண்ண, ஊர்ல ஒருத்தன் உன்னாண்ட பேச மாட்டான்."

ராமுலு கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஊர் ஆண்கள் பச்சாதாபம் என்று நினைத்து இரக்கப்பட்டார்கள். சுவருக்குப் பின்னால் லொரெட்டா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது என் முந்தானை.

அடுத்த முறை மண் வெட்டிய அன்று சாப்பாட்டுக்கு ராமுலு வீட்டில் போட்டது என்ன தெரியுமா? தண்ணி நண்டு. பழைய ஓட்டைக் கழற்றி, புது ஓடு இன்னும் இறுகாமல், கை வைத்தால் மெத்தென்று அமுங்கும் நண்டு. எங்களில் யாரும் சீண்டமாட்டோம். ஏலம் விடும் மணியம்மாள் எட்டு வருடமாக அதையெல்லாம் ராமுலு தலையில் கட்டி, வெள்ளைக்காரரை நன்றாக ஏமாற்றுகிறோம் என்று வீட்டுக்குப் போய்ச் சிரிப்பாள். அவர்கள் ஊரில் அதைத்தான் தேடித் தேடி வாங்குவார்களாம். முட்டையில் ஊறவைத்து, மாவில் புரட்டி, முழுசாகப் பொரித்திருந்தாள் லொரெட்டா. மணியம்மாள் ஒன்றைக் கடித்தாள். ஓடும் காலும் கறியுமாக மொறுமொறுவென்று போனது. இன்னொன்றை எடுத்தாள். பிறகு ராமுலுவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடப்பாவி! நீயாடா என்ன ஏமாத்திக்கினு இருந்த?" என்றாள். அடுத்த நாள் ஏலத்தில் தண்ணி நண்டுக்கு விலை ஏறிவிட்டது. ராமுலு இன்றைக்கும் அதைச் சொல்லி அழுகிறார்.

அந்த மண் வெட்டும் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் லொரெட்டா பிறகுதான் என்னிடம் சொன்னாள். சம்பந்தம் வந்து கதவைத் தட்டி, "ராமுலு! வூட்டுக்கு ஒரு ஆளு!" என்று கத்தியது என் வீட்டுக்கும் கேட்டது. பதில் இல்லை. மறுபடியும் கத்தினார். அதற்கும் இல்லை. மூன்றாவது முறை, அவர் அப்பனையும் சேர்த்துத் திட்டிக் கத்திய பிறகுதான் கதவு திறந்தது. மனிதர் இன்னும் தூங்குகிறார் போலும் என்று நான்கூட நினைத்துக்கொண்டேன்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே குளித்து, லுங்கியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு அவர் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாராம். திறக்கப் போன லொரெட்டாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "இரு, இன்னொரு வாட்டி கூப்பிடட்டும்" என்றாராம்.