கிணற்றுக்கு ஆறடி முன்னால்

எஸ்டிமேட் போடுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மலையடிவாரத்தில் ஒரு ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். சிறுபாலம், அங்கன்வாடித் தரை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, எதுவானாலும் நான் போட்டு அனுப்பிய மதிப்பீடு கேள்வியோடு திரும்பி வந்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்கள். நானும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன். இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடங்களின் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவரும் யோசனை இருக்கிறதாம். அதில் இரண்டு பாகம். பள்ளியின் எல்லைக்குள் ஆபத்தாக இருப்பதையெல்லாம் அரசு தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது ஒன்று. அந்த எல்லைக்குள் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அரசு உடனே நிவாரணம் கொடுக்கும், ஆனால் கவனக்குறைவாக இருந்த ஊழியரிடமிருந்து அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. சட்டம் வந்தால் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா. அதனால் ஒவ்வொரு பள்ளிக்கும் எல்லை காட்டும் வரைபடம் போட்டு, மதிப்பீட்டோடு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மலைமேல் இருக்கும் பள்ளிகள் என் தலையில் விழுந்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள் மேலதிகாரி போனில் கூப்பிட்டார். தொகையைப் பார்த்துப் போடச் சொன்னார். பெரிதாகக் காட்டினால் நிதித்துறையில் பயந்துபோய்ச் சட்டத்தையே ஊறப்போட்டு விடுவார்கள், சின்னதாகக் காட்டினால்தான் கையெழுத்து விழும் என்றார். அது எனக்கு நியாயமாகவே பட்டது. ஒரு நல்ல காரியம் நடப்பதற்குக் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? நான் கெட்ட எண்ணத்தோடு மலையேறவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை இதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் போய் நிற்கிற கடைசி ஊரில் அந்தப் பள்ளி. தை மாதம், சாமை அறுத்துப் போட்ட களம் வழியாகத்தான் நடந்து போக வேண்டியிருந்தது. இரண்டு அறை, ஒரு சமையற்கூடம், ஒரு கொடிக்கம்பம். சுற்றுச்சுவர் கிடையாது. ஊருக்குள் போகிற ஒற்றையடிப் பாதை கொடிக்கம்பத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் போகிறது. அந்த வழியாகப் போகிற ஆடுகள் வகுப்புக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். எல்லை என்று அங்கே யாரும் எதையும் நட்டு வைத்ததில்லை, நிலப் பதிவேட்டிலும் அளவு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நான் காகிதத்தில் எதைப் போடுகிறேனோ அதுதான் எல்லை.

தலைமை ஆசிரியை திருப்பத்தூரிலிருந்து தினமும் ஜீப்பில் வந்துபோகிறவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். சமையற்கூடத்துக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்கு என்னை அழைத்துப் போய்க் காட்டினார். பள்ளிக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து வெட்டிய கிணறு அது. கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் முழுக்க இடிந்து கிடந்தது, தண்ணீர் வற்றி அடியில் பாறை தெரிந்தது. சுவரைக் கட்டி மூடி போட்டுத் தரச் சொல்லி நான்கு தடவை எழுதியிருக்கிறேன் என்று நகல்களை எடுத்துக் காட்டினார். அதில் இரண்டு எங்கள் அலுவலக முத்திரை குத்தியவை. நான் அதைக் கவனிக்காதது போல் மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

சட்டத்தைப் பற்றிய கடிதத்தை வாங்கி நிதானமாக இரண்டு முறை படித்தார். சட்டம் வந்தால் மூடி எப்போது வரும் என்று கேட்டார். எப்படியும் இரண்டு வருடம் ஆகும் என்றேன். அவர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அதுக்குள்ள ஒன்னு ஆச்சுன்னா என் பென்ஷன்ல கைய வெப்பாங்க. இல்லீங்களா சார்?"

நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

அளக்க ஆரம்பித்தோம். என்னோடு யாரும் வரவில்லை என்பதால் டேப்பின் மறுமுனையை அவரே வாங்கிக்கொண்டார். கொடிக்கம்பம் பக்கம் அளந்தோம், புளியமரம் பக்கம் அளந்தோம். பிறகு பின்புறம். நான் சமையற்கூடத்து மூலையில் நின்றேன், அவர் முனையை எடுத்துக்கொண்டு கிணற்றை நோக்கி நடந்தார். கிணற்றுக்கு ஆறடி முன்னால் நின்றுவிட்டார். குனிந்து முனையைத் தரையில் அழுத்திப் பிடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் போங்க மேடம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் டேப்பில் இருந்த அளவைப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வரைபடத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு சின்ன வட்டம் போட்டு 'பொதுக் கிணறு' என்று எழுதினேன். கிணற்று வேலை கழிந்துபோனதில் தொகை நன்றாகக் குறைந்தது. மேலதிகாரிக்குச் சந்தோஷம். தலைமை ஆசிரியைக்கு நிம்மதி. ஒரு நல்ல மனுஷியைக் காப்பாற்றினோம் என்று எனக்கும் உள்ளூரப் பெருமை. மூன்று பேருக்கும் நல்லதாக ஒரே கோடு. வழக்கம்போல அந்த எஸ்டிமேட்டும் திரும்பி வரவில்லை.

ஆடி மாதம் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கையிலிருந்து தட்டு வழுக்கி உருண்டது. சரிவான இடம், எவர்சில்வர் தட்டு நிற்காமல் ஓடியது. அவள் அதைப் பிடிக்க ஓடினாள். இடிந்த பக்கமாகத் தட்டும் அவளும் சேர்ந்து கிணற்றுக்குள் போனார்கள். தண்ணீர் இல்லாத கிணறு. முதலில் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கியது தலைமை ஆசிரியைதான் என்று பிறகு கேள்விப்பட்டேன், அந்த வயதில், புடவையோடு. ஜீப்பில் திருப்பத்தூருக்கும் அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பவில்லை.

அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தச் செய்தி வந்தது. நல்லவேளை, நம்ம ஆளு கெணத்த வெளிய வுட்டுட்டாரு என்று ஒருவர் என் முதுகில் தட்டினார். அந்த டீயை நான் முழுக்கக் குடித்து முடித்தேன். அதுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

புதுச் சட்டம் வராவிட்டாலும், பள்ளி வளாகத்துக்குள் அடிபட்ட குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு நிவாரணம் உண்டு, கவனக்குறைவு என்று தெரிந்தால் ஊழியர் மேல் நடவடிக்கையும் உண்டு. அதைக் கேட்டு அந்தக் குழந்தையின் தாய் மனு கொடுத்திருந்தார். சக்கர நாற்காலிக்கும் வேலூர் போய்வருகிற செலவுக்கும் அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. மனு சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது. சம்பவம் பள்ளி எல்லைக்குள் நடந்ததா என்று ஒரு வரியில் நான் அறிக்கை தர வேண்டும். பஞ்சாயத்தில் கேட்டோம். அவர்கள் பதிவேட்டில் அது 'பள்ளிக் கிணறு', அதனால் எங்களுடையது இல்லை என்றார்கள். என் வரைபடத்தில் அது பொதுக் கிணறு. அந்தப் பெண் விழுந்தது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கிணற்றில்.

அந்த வாரம் தலைமை ஆசிரியை அலுவலகத்துக்கு வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உள்ளத எழுதிடுங்க சார். கெணறு ஸ்கூலோடதுதான். நான்தான் தள்ளி நின்னுட்டேன். பென்ஷன் போனா போவுது."

பார்க்கிறேன் என்றேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

மூன்று நாள் அந்தத் தாளை இழுப்பறையில் வைத்திருந்தேன். உள்ளதை எழுதினால் என் வரைபடம் பொய் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். விசாரணை வரும். மற்ற மலைப் பள்ளிகளின் வரைபடங்களையும் பிரிப்பார்கள். இன்னொரு பள்ளியில் ஓடையை வெளியே விட்டிருந்தேன், வேறொன்றில் சாய்ந்து நின்ற மின்கம்பத்தை. எனக்கும் ஓய்வுக்கு நாலு வருடம்தான் இருந்தது. எனக்கும் பென்ஷன். அந்த அம்மா தன்னுடையதைத் தூக்கிப் போட வந்தார், எனக்கு என்னுடையதை விட மனசு வரவில்லை. நாலாம் நாள் எழுதினேன்: வரைபடத்தின்படி சம்பவ இடம் பள்ளி எல்லைக்கு வெளியே ஆறடி தூரத்தில் உள்ளது. மனு தள்ளுபடியானது.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதைச் சொல்லிப் பார்த்தேன். கோடு, வரைபடம், எல்லை என்று நான் சொல்லிக்கொண்டு போனது பங்குச் சாமியாருக்குப் பிடிபடவில்லை. யாரையாவது தள்ளிவிட்டாயா என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். ஜெபம் செய்யச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மன்னிப்பு வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது போலவே இருந்தது.

சட்டம் இன்றுவரை வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். நாங்கள் அத்தனை பேர் இழுத்துப் பிடித்துக் குறைத்த தொகையெல்லாம் சேர்ந்து கடைசியில் எவ்வளவு வந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போன மாதம் கழிப்பறைப் பழுது பார்க்க அதே பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. கிணறு அப்படியேதான் இருந்தது, ஊர்க்காரர்கள் முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா வந்து, ஸ்கூல அளந்த சாரு நீங்கதான என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கால்களை ஒரு துண்டு மூடியிருந்தது.

அந்த அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பழைய டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் மாதாமாதம் வந்து குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாத்திரைக்கும் பணம் வைத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். பிறகு, மனுவைப் பற்றிக் கேட்கப் போனபோது குழந்தை கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள் என்றார். அதை யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. என் கையில் சொம்பு அப்படியே இருந்தது.

"அந்தக் கோடு எங்க கீதுங்க சார்? கொஞ்சம் காட்டுங்க. சின்னதும் இப்ப இதே ஸ்கூலுக்குத்தான் போவுது. கோட்டுக்கு இந்தாண்டயே வெளாடுன்னு சொல்லி வெக்கிறேன்."

நான் தரையைப் பார்த்தேன். சமையற்கூடத்து மூலையிலிருந்து முள்வேலி வரை வெறும் மண், ஆட்டுப் புழுக்கை, பிள்ளைகளின் காலடிகள்.

மழை வர்ற மாதிரி இருக்குதும்மா, கெளம்பணும் என்றேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்த அம்மாவும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டு, பத்திரமா போய்ட்டு வாங்க சார் என்றார்.