சாவியோடு நின்றவர்

அந்தத் தையல் ஆலையின் பின்வாசல் காவலாளியை எல்லோரும் சல்யூட் என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியின் கார் வந்தாலும் சல்யூட், தண்ணீர் லாரி வந்தாலும் சல்யூட். கழிவுத் துணி அள்ள வந்த ஆளுக்கு ஒருநாள் ஒன்று வைத்தார். அவன் பதறிப்போய், தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யார் எதைச் சொன்னாலும் மறுபேச்சு பேசத் தெரியாத மனிதர். நில் என்றால் நிற்பார். உட்கார் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போதும் நிற்பார்.

நான் அடுத்த தெருப் பத்திரிகையில் புகைப்படக்காரன். டீக்கடையில் தினமும் பார்த்துக்கொள்வோம். நான் குடித்து முடிக்குமுன் அவர் தம்ளரைக் கீழே வைத்ததில்லை. அதுவும் ஒரு மரியாதையாம்.

ஒரு மத்தியானம் ஆலையில் தீப்பிடித்தது. கேமராவோடு ஓடினேன். முன்பக்கத்துப் புகையை எடுத்தே பிலிம் சுருள் தீர்ந்துபோயிற்று. பின்சந்துக்கு வந்து, சுவரில் சாய்ந்தபடி புதுச் சுருளை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சல்யூட் ஓடி வந்தார். தொப்பி இல்லை, சட்டை இடுப்புக்கு மேலே ஏறிக் கிடந்தது. பூட்டு பழுக்கச் சுட்டிருக்க வேண்டும். துண்டை மடித்து அதைப் பிடித்துக்கொண்டு, சாவி போட்டுத் திறந்தார். இரும்புக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு, உள்ளே கையை விட்டு ஒவ்வொருவராக இழுத்தார். பதினோரு பேர். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, சந்து முனையைப் பார்த்து ஓடினார்கள். யார் இழுத்துவிட்டது என்று பார்க்கிற நிலையில் ஒருவரும் இல்லை. பார்த்தவன் நான் ஒருத்தன்தான். என் கையில் வாயைப் பிளந்துகொண்டிருந்த கேமரா.

நான் கேமராவை மூடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தீயணைப்பு ஆட்கள் வந்து அவரைக் கதவிலிருந்து விலக்கிவிட்டு, இந்தப் பக்கம் புகை அதிகம் என்று முன்பக்கமாகச் சுற்றி உள்ளே போனார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீழ் இடுக்கில் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய விஷயம் கண்ணெதிரே நடந்தும் படம் இல்லையே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

"அண்ணே, சாவியோட அந்தக் கதவுகிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க."

"இப்படியேவா சார்?"

"சட்டைய சரி பண்ணிக்கங்க. தொப்பி எங்க? மூஞ்சிய ஒரு தடவ தொடச்சிடுங்க."

அவரை வீரனாகக் காட்டத்தான் ஆசைப்பட்டேன். சத்தியமாக. ஆனால் படத்தில் இருந்தவர் சட்டை கசங்காத ஒரு காவலாளி. பின்னால் சாத்திய கதவு, கீழே புகை, கையில் சாவி.

உள்ளே இருந்த இரண்டு பேர் உயிரோடு வரவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. ஆசிரியர் படத்தைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'சாவி கையில், கதவு பூட்டில்' என்று கீழே எழுதினார். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கம் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். முதல் பக்கம், நான்கு பத்தி அகலம், ஓரத்தில் என் பெயர். பேசாமல் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கதவைத் திறக்காமல் அவர் நின்றதால்தான் அந்த இரண்டு பேர் செத்தார்கள் என்றது ஆலை நிர்வாகம். தப்பி வந்த பதினோரு பேருக்கும், புகையில் எந்த வழியாக வந்தோம் என்றே சொல்லத் தெரியவில்லை. பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் படமே பிடித்துக் கொடுத்திருந்தேன். விசாரணைக்குப் போகுமுன் ஆசிரியர் கூப்பிட்டார். "நிக்க வெச்சு எடுத்த படம்னு சொன்னே, உன் வேலையும் போச்சு, நம்ம பத்திரிகை பேரும் போச்சு." விசாரணை அறையில் சல்யூட் எனக்கு எதிரே நின்றார். "சார்தான் நிக்கச் சொன்னாரு, அவரையே கேளுங்க" என்றார், முழு நம்பிக்கையோடு. என்னைக் கேட்டார்கள். தீ எரிந்தபோது எடுத்ததுதான் என்றேன். அது பொய்கூட இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்; முன்பக்கம் எரிந்துகொண்டுதானே இருந்தது!

அவருக்கு வேலை போயிற்று. வேறு எந்த வாசலிலும் அவரை நிறுத்த ஆளில்லை. மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கிற நேரம் பார்த்து, செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டாராம்.

நான் ஓய்வு பெற்ற அன்று, பாராட்டிப் பேசி, அதே படத்தைச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். தீப்பிடித்து ஒன்பது வருஷம் கழித்து.

ஒற்றை அறை. சல்யூட் தரையில் அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பசைக்கையோடு எழுந்து நின்றார். உட்காரக்கூட இல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுருள் தீர்ந்தது, அவர் கதவைத் திறந்தது, பதினோரு பேர், நான் நிற்கச் சொன்னது, விசாரணையில் மறைத்தது. பத்திரிகைகளுக்கு என் பெயர் போட்டே எழுதித் தருகிறேன் என்றேன்.

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லா சொல்லுங்க சார். அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவ தொறந்துட்டேன், நெறைய பேர இழுத்துட்டேன்னு இவரேதான் சொன்னாரு. இப்ப நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு."

சல்யூட் கையில் இருந்த பசையைத் துடைத்தார்.

"அப்போ அப்படி சொன்னேன்தான் சார். பயத்துல மனுஷன் எதையாவது சொல்லுவான். விசாரணையில அந்தப் படத்த காட்டிக் காட்டிக் கேட்டாங்க. நானும் உத்து உத்துப் பாத்தேன். சட்ட கசங்கல. மூஞ்சில கரி இல்ல. பதினோரு பேர இழுத்தவன் அப்படியா நிப்பான்?"

"நான்தானே அண்ணே தொடைக்கச் சொன்னேன்!"

"அந்த ரெண்டு பேரு நெனப்பு வராத நாளே இல்ல சார். நான் தொறந்திருந்தா அவங்க இருந்திருப்பாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பெரிய மனசு பண்ணி வந்திருக்கீங்க. ஆனா அன்னிக்கு அத்தன பேரு முன்னாடி உண்மைய சொன்னவரு நீங்க. வயசான காலத்துல எனக்காக பொய் சொல்லாதீங்க சார்."