லாக்கியின் சைலன்சர்

லாக்கி சட்டைப் பையிலிருந்து சைலன்சரை உருவி, கடை மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறான். ஒரு சாண் நீளக் கறுப்புக் குழல். சுடுகிற சத்தத்தை அடக்க அவனுடைய .22 துப்பாக்கியின் வாயில் திருகி மாட்டுகிற சாமான். "தொட்டுப் பாருங்க, கனமே இல்ல" என்கிறான். யாரும் தொடுவதில்லை. எல்லோரும் தொட்டு முடித்தாகிவிட்டது.

"இதை மாட்டிச் சுட்டா எப்படியிருக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடி ஒரு விரலை மடக்குகிறான். "கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அதான்!"

அதன் பிறகு அவன் சிரிக்கிற சிரிப்பில் அலமாரித் தகர டப்பாக்கள் கிணுகிணுக்கும். தபால் எடுக்க வந்த நைரி, ஓடைக்கு அக்கரையில் ஆடு வளர்க்கிறவள், ஒரு நாள் சொன்னாள்: "சாமான் நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் அதை உன் வாயில மாட்டிக்கோயேன், லாக்கி."

லாக்லன் என்பது தேவாலயத்தில் வைத்த பெயர். அப்பா ஆர்ச்சி கண்ணி வைத்து முயல் பிடித்தவர், பேசமாட்டார். மூத்த மகனுக்குக் காலம் என்று பெயர்; அவன் அப்பாவைக் கொண்டு பிறந்தான். லாக்கி தாய்மாமன் வில்ஃபைக் கொண்டு பிறந்தவன். வில்ஃப் கண்ணியே வைக்காமல் முயல் பிடித்ததாகச் சொல்லிச் சொல்லியே எழுபது வயது வரை மற்றவர் வீட்டு ஆட்டுக்கறி தின்றவர். மருமகன் அறுபதை நெருங்குகிறான்; தின்பதில் மாமனைத் தாண்டிவிட்டான். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், வேட்டைக்காரனுக்குக் குடும்பம் ஒத்துவராது என்பான்.

நடை மட்டும் பூனை நடை. சீனி எடுக்கப் போனால்கூடக் குதிகால் தரையில் படாது. ஆனால் வண்டிக் கதவை அவன் சாத்துகிற சாத்தில் நைரியின் ஆடுகள் ஓடையைத் தாண்டி ஓடும்.

தெற்குத் தீவு முழுக்க முயல் உண்டு. எங்கள் ஒட்டாகோ பக்கம் முயலுக்கு இடையில்தான் கொஞ்சம் புல் உண்டு. அதனால் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. சைலன்சர் வருவதற்கு முன்னே, துணி காயப்போடுகிற பெண்கள்கூட எந்த மேட்டில் யார் சுடுகிறார் என்று சொல்லிவிடுவார்கள். மதுக்கடையில் ஒருவன் வாயைத் திறந்தால், "மூணு சத்தந்தானே கேட்டுச்சு, அஞ்சு முயல் எங்கிருந்து வந்துச்சு?" என்று பக்கத்து மேசை கேட்கும். லாக்கியைத்தான் அதிகம் கேட்டது. சைலன்சரை இந்தப் பள்ளத்தாக்கில் மற்றவர்கள் முயல் மிரளாமல் இருக்க வாங்கினார்கள். இவன் வாங்கியதிலிருந்து பக்கத்து மேசைக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

"நேத்து நாப்பது."

"செத்த முயலெல்லாம் எங்க, லாக்கி?"

"பருந்துக்கு விட்டுட்டேன். அதுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

அண்ணன் காலம் செத்துப்போன பிறகு அவன் மனைவி எல்ஸ்பெத் ஆடுகளை விற்று, வடக்கு மேட்டில் செர்ரிக் கன்று நட்டாள். அவளுக்கு மிச்சமிருந்தது அந்த மேடும் அந்தக் கன்றுகளும்தான். பனிக்காலத்தில் புல் கருகினால் முயல் இளங்கன்றின் பட்டையைச் சுற்றிக் கடிக்கும். சுற்றிக் கடித்த கன்று பிழைக்காது. அதனால் முயலைக் கொல்ல விஷக் காரட் போடுகிற ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். இந்தப் பக்கத்துக்கு அவர் வருடத்தில் ஒரே முறைதான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையில் சீஸ் வைத்துச் சுருட்டிச் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே லாக்கி கேட்டான்: "விஷமா? என்ன அண்ணி இது? செத்த முயலை உங்க நாய் வாயில கவ்வாதா? இந்த ஃப்ளாஸ் என்ன, படிச்சுப் பார்த்துட்டா திங்கப் போகுது? நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

ஃப்ளாஸ் அவள் புருஷன் காலம் வளர்த்த நாய். எல்ஸ்பெத் அதைக் குனிந்து பார்த்தாள். மறுநாள் விஷக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு தினமும் சாயங்காலம் லாக்கியின் வண்டி வடக்கு மேட்டில் ஏறி நின்றது. எல்ஸ்பெத் அடுப்படி ஜன்னலில் நின்று காது கொடுப்பாள். ஒரு சத்தமும் இருக்காது. நல்லது, வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். இருட்டும் முன்னே அவன் இறங்கி வருவான். ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுத்த டப்பா காலியாக வரும். "இன்னிக்கு நல்ல வேட்டை, அண்ணி. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்லையே."

"அதான்!"

திங்கட்கிழமைகளில் அவன் சட்டைகளையும் அவளே துவைப்பாள். அவள் புருஷன் காலமும் இந்தச் சாமானைப் பையில் போட்டுத் திரிந்தவன்தான். ஒரு சாயங்காலம் சுட்டாலே தோட்டாவின் ஈயமும் மெழுகும் கரியும் உள்ளே அப்பிவிடும். அடுப்படித் தொட்டியில் ஊறப்போட்டு அவன் கழுவுவான், அவள் திட்டுவாள். அவன் சட்டைப் பைகளில் அந்தக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. லாக்கியின் சட்டையில் வெண்ணெய்க் கறைதான் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்து, கொடியில் போட்டாள். கொழுந்தன் சுத்தக்காரன் என்றுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

எங்கள் பக்கம் பனிக்காலம் தொடங்குகிற ஜூன் மாதத்தில் முதல் கடும் உறைபனி விழுந்தது. பனி இளகிய காலையில் அவள் மேட்டுக்குப் போனாள். கீழ் வரிசை முழுக்க, முழங்காலுக்குக் கீழே, கன்றுகள் வெள்ளை வளையல் போட்டதுபோல் நின்றன. எல்லாம் சுற்றிக் கடித்த கன்றுகள். இரண்டாம் வரிசையிலும் பாதி. அடியில் புழுக்கை குவிந்து கிடந்தது. வானத்தில் ஒரு பருந்துகூட இல்லை.

அவள் சொல்லியனுப்பி லாக்கி வந்து சேர்ந்தான். பூனை நடையில் வரிசையைச் சுற்றினான், குனிந்தான், மீசையைத் தடவினான். "இது முயலே இல்ல அண்ணி. நைரி வீட்டு ஆடு."

"ஆடு மண்டி போட்டா கடிக்கும்?"

"அப்ப பக்கத்து மேட்டு முயல். நம்ம முயல் இல்ல. நம்மதைத்தான் நான் முடிச்சுட்டேனே."

"இன்னும் மூணு வரிசை நிக்குது, லாக்கி. விஷக்காரரு இனி அடுத்த வருஷந்தான் வருவாரு. நேத்து எத்தனை சுட்டே?"

"பதினெட்டு. இருபதாகூட இருக்கும். உங்களுக்குக் கேட்டுச்சா?"

வாய் தவறியல்ல, பழக்கத்தில் வந்தது. எல்ஸ்பெத்தின் பார்வை அவன் சட்டைப் பையில் நின்றது. திங்கட்கிழமை அவளே வெளுத்த பை.

கையை நீட்டிக் குழலை உருவினாள். கடிபட்ட கன்றிலிருந்து ஒரு குச்சியை ஒடித்தாள். கைக்குட்டையின் முனையை அதில் சுற்றி, குழலின் ஒரு வாயில் விட்டு, மறுவாய் வழியாக இழுத்தாள்.

கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

அதை விரித்து அவன் முன்னால் பிடித்தாள். "அடப்பாவி, மேல வந்து தின்னுட்டுத் தூங்கியிருக்கே" என்றாள். "ஒரு தோட்டாவாவது? ஒண்ணே ஒண்ணு?"

நாங்கள் அறிந்த நாள் முதல் ஓயாத அந்த வாய் அப்போதுதான் சத்தமில்லாமல் இருந்தது. மூன்றாம் வரிசையில் ஒரு முயல் பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. வண்டி பத்தடியில் நின்றது. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது.

லாக்கி குழலையும் கைக்குட்டையையும் அவள் கையிலிருந்து வாங்கினான். முயலை ஒரு முறை பார்த்தான். பிறகு குழலின் வெளிப்புறத்தில் வாயால் ஊதி, பளபளவென்று துடைக்க ஆரம்பித்தான்.