ஒவூரக்குவின் வலது கை

எதிர்க்கட்சிக்காரனிடம் ஒவூரக்கு கை நீட்டிக் காசு வாங்கினான் என்று யார் சொன்னது? சோளமாவுக் கென்கி உருண்டை விற்கிற யாபோமா சொல்கிறாள், எங்கள் சுன்யானிச் சந்தையே சொல்கிறது. சொல்லட்டும். ரேடியோ நிலையத்தில் பதினோரு வருஷம் அவன் வலது கை எங்கே இருந்தது தெரியுமா? ஒரு சிவப்புப் பொத்தான் மேலே.

காலையில் அரசியல் நிகழ்ச்சி. ஊரார் போன் போட்டுப் பேசுவார்கள். எவனாவது வாய் தவறினால் பொத்தானை அமுக்கி லைனை வெட்டுவது அவன் வேலை. அப்போதெல்லாம் அமுக்கவே வேண்டாம். கடுமையாக ஒன்று சொல்லுமுன் "செபே" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் வாயைத் திறப்பார்கள். "செபே, நம்ம எம்.பி. பொய் சொல்றாருங்க." அவ்வளவுதான்.

அப்புறம் கட்சிகளே ஆள் வைத்துத் திட்ட ஆரம்பித்தன. தினமும் அதே நாலு குரல்கள். செபே போயிற்று, திருடன், நாய், பன்றி வந்தன. அவனும் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். முதலாளி வந்து நின்றார்.

"ஏன்டா வெட்டுற? திட்டினாத்தான் ஊரு கேக்குது."

"பிள்ளைங்களும் கேக்குதுங்களே, பாஸ்."

"கேக்கட்டும். பழகிடும்."

பிள்ளைகள் பழகினவோ இல்லையோ, அவன் பழகிவிட்டான். முதலில் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிடுவான். பிறகு காது மட்டும் சுட்டது. பிறகு ஒன்றுமில்லை, ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருப்பான்.

அவன் அம்மா அப்ரஃபி தக்காளிக்காரிகளுக்கெல்லாம் தலைவி. ஆளுங்கட்சிக் கூட்டத்தில் எழுந்து, போட்டுத் தருவதாகச் சொன்ன சந்தைக் கூரை என்ன ஆயிற்று என்று வேட்பாளரைக் கேட்டுவிட்டாள். மறுநாளே ரேடியோவில் ஒரு குரல்:

"அந்த அப்ரஃபிக் கிழவி சூனியக்காரி! புருஷனைத் தின்னவ! அவ கூடைக்குள்ள என்ன இருக்குன்னு போய்ப் பாருங்கடா!"

முழுசாக மூன்று நிமிஷம். ஒவூரக்கு ரொட்டியைத் தின்று முடித்தான், மடியில் விழுந்த துகளைத் தட்டினான். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நிகழ்ச்சி நடத்துகிறவன் இவனையே பார்த்தான். அப்போதுதான் அது தன் தாய் என்று உறைத்தது. உறைத்தும் கை பொத்தானை அமுக்கவில்லை.

வீட்டில் ரேடியோ அணைந்து கிடந்தது. அம்மா கிழங்குக் களி ஃபூஃபூவைச் சூப்போடு முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு நீதான் உக்காந்திருந்தியா?"

"ஆமாம்மா."

"பொத்தான் ரிப்பேரா?"

"இல்லம்மா."

"ம். சாப்பிடு, சூப் ஆறுது."

சாப்பிட்டான். அழுகை வரும் என்று பார்த்தான். வரவில்லை.

மறுநாள் காலை நிலையத்துச் சாவியை முதலாளி மேசையில் வைத்தான்.

"எதிர்க்கட்சிக்காரனுங்க எவ்வளவு குடுத்தானுங்க?" என்றார் அவர். ஊர்ப்பேச்சு பிறந்த இடம் அதுதான்.

"செபே, பாஸ்," என்றான் ஒவூரக்கு. "இந்த இடம் நாறுது. எனக்கு அது தெரியாமயே போச்சு."

கதவைத் திறந்து வெளியே நடந்தான்.