மிட்டாய் என்கிற மாத்திரை

என் அப்பா கொத்தனார். முட்டிவலிக்குக் கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் தினமும் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைக்கு அவர் வைத்த பெயர் ‘மிட்டாய்’.

நெஞ்செரிச்சலுக்காக அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். “வேற மாத்திரை ஏதும் போடுறீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர்,” என்றார் அப்பா.

வீட்டின் முதல் பட்டதாரியான நானும் படிவத்தில் ‘இல்லை’ என்றே எழுதினேன். மிட்டாய் என் நினைவுக்கு வரவே இல்லை.

எரிச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அப்பா ரத்த வாந்தி எடுத்தார். வயிற்றில் புண்.

“வலி மாத்திரையால வந்தது. அன்னைக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!” என்றார் டாக்டர். “இனி தொடவே கூடாது.”

“அத மாத்திரைன்னு நெனைக்கலப்பா. உனக்குமா தோணல?” என்று அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு, “புண்ணு ஆறிடும். மிட்டாய் இல்லாம எப்படிடா சாரம் ஏறுவேன்?” என்றார்.