ஒன்பது செடி, பன்னிரண்டு வெள்ளை ரோஜா

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து கடல் எண்ணூற்றுப் பன்னிரண்டு தப்படி. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கால் தானாக எண்ணிக்கொண்டுதான் நடக்கிறது. மணமேல்குடிப் பக்கத்து உப்பு மணலில் தென்னை வரும், முருங்கை வரும், ரோஜா வராது என்று பதினான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பதினான்கில் ஒருத்தி என் மனைவி. அவள் சொன்னது மட்டும் பல தடவை.

ஆனாலும் எனக்கு வெள்ளை ரோஜா வேண்டியிருந்தது. நாட்டு ரோஜா போதாது. நீளமான காம்பு, நுனியில் ஒரே ஒரு பூ, முறுக்கி வைத்தது போன்ற மொட்டு. நர்சரியில் ஹைபிரிட் டீ என்று அட்டை கட்டி விற்கிறார்களே, அந்த ஒட்டு ரோஜா. ஜனவரிக் கடைசியில் எங்கள் கல்யாணத்துக்கு ஐம்பது வருடம் நிறைகிறது. பங்குக் கோவிலில் பூசை வைத்து வாக்குறுதியைப் புதுப்பிப்பதாக ஏற்பாடு. அன்று அவள் கையில் என் தோட்டத்துப் பூ பன்னிரண்டு இருக்க வேண்டும்.

காரணம் பழையது. மணப்பெண் கையில் பிடிக்கும் வெள்ளைப் பூங்கொத்தை மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். திருச்சிக்கு நானே போய் வாங்கினேன். திரும்பும் வழியில் பஸ் மாறும்போது பைகளை எண்ணினேன், ஐந்து இருந்தது. சரியாக இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்தேன். பூ வாங்குவதற்கு முன்புதான் ஐந்து. வாங்கிய பிறகு ஆறு. பூப் பை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டது என்று ஆவூர்ப் பக்கத்தில் அவள் ஊரில் போய் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்க் கோவில் உபதேசியார் மாதா பீடத்திலிருந்த காகிதப் பூக்கொத்தை எடுத்துத் தூசி தட்டிப் பெண்ணின் கையில் கொடுத்தார். தாலி கட்டி, பூசை முடிந்து, வாசற்படி இறங்குவதற்குள் அதைத் திருப்பியும் வாங்கிக்கொண்டார்.

"கட்டுன தாலிய விட்டுட்டு மிச்சத்த எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாக" என்று அவள் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அறந்தாங்கி நர்சரியிலிருந்து ஒன்பது செடிகளைக் கொண்டுவந்து வைத்தேன். முதலில் வந்த பூக்களின் இதழ் ஓரம் தீயில் வாட்டியது போலப் பழுப்பாக இருந்தது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு. மழைத் தண்ணீர் பிடிக்க இரண்டு நீல டிரம் வைத்தேன். மழை வரும்வரை கேன் தண்ணீரை மொண்டு ஊற்றினேன்.

"ஏங்க, நமக்கு ஒல வைக்கிறது போர் தண்ணி, செடிக்குக் கேன் தண்ணியா?"

"வேருக்கு உப்பு ஆகாது."

"எனக்கு பிரஷர் இருக்கு. எனக்குந்தான் ஆகாது. நானும் போயி அந்த வரிசையில நிக்கவா?"

கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் பூ வரும். ஜனவரிக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணி, டிசம்பர் நடுவில் ஒன்பது செடிகளையும் வெட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. காலையில் காபிக்கும் இட்லிக்கும் நடுவில் நான்கு தடவை தோட்டத்துக்குப் போவேன். ஸ்கேலும் நோட்டும் கையில் இருக்கும். எந்தச் செடியில் எத்தனை துளிர், எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாவற்றையும் குறித்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் நான்கு செடிகள் மட்டும் அடியிலிருந்து புதுக் கிளை விட்டு, மற்றவற்றைத் தாண்டி எழுந்தன. ஒரு கிளை நாற்பத்தொரு சென்டிமீட்டர். பக்கத்திலேயே பழைய குச்சிகளில் வந்த துளிர்கள் பன்னிரண்டு, பதினான்கு என்று முடங்கிக் கிடந்தன. வளர்கிற கிளைக்குச் சத்து முழுவதும் போகட்டும் என்று, அந்த நான்கு செடிகளிலும் முடங்கிக் கிடந்த குச்சிகளை வெட்டி எறிந்தேன். மழைத் தண்ணீரும் அந்த நான்குக்கு மட்டும் கூடுதலாக இரண்டு மக் ஊற்றினேன்.

இதற்குள் அவள், அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கும் தன் அன்பியக் கூட்டத்துப் பெண்கள் முப்பத்தொரு பேரிடமும் சொல்லிவிட்டாள். வீட்டில் என்னைக் கிண்டல் செய்தவள் அங்கே, "எங்க வீட்டுக்காரரு வளத்த பூவுதான் பிடிக்கப்போறேன்" என்றிருக்கிறாள். அதை மீன் கொடுக்கும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டது முதல் தோட்டத்துக்கு நான்கு தடவை போனது ஏழு தடவையாயிற்று.

கவாத்து செய்து இருபத்தொன்பது நாளாயிற்று. மற்ற ஐந்து செடிகளில் கடுகு அளவில் மொட்டு தெரிந்தது. வளர்ந்த நான்கில் ஒன்றுமில்லை. ஒரு கிளையை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு அறந்தாங்கிக்கு பஸ் ஏறினேன்.

நர்சரிக்கார அம்மாள் அதை வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார்.

"எலைய எண்ணுனீங்களா சார்?"

"செடிக்கு எத்தன கிளைன்னு எண்ணுனேன். உயரம் அளந்தேன்."

"அதில்லங்க சார். ஒரு காம்புல எத்தன எலை இருக்குன்னு பாருங்க."

எண்ணினேன். ஏழு.

"நம்ம ஒட்டு ரோசுக்குப் பெரும்பாலும் அஞ்சுதான் இருக்கும். இது கீழ வேரா இருக்கிற காட்டுச் செடி. ஒட்டுக்கு அடியிலேர்ந்து கெளம்பிருக்கு. இத வெட்டிட்டு மேல இருக்கறத விட்டுருங்க."

"மேல இருந்தததான் வெட்டுனேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இங்கிட்டு நிழல்ல உக்காருங்க சார். தண்ணி குடிங்க" என்றார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அந்தக் கிளைகளை வெட்டினேன். அவள் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நல்லா வளந்ததையெல்லாம் ஏன் வெட்டுறீங்க?"

"அது ரோஜா இல்ல."

"பின்ன என்னத்த அளந்து அளந்து நோட்டுல எழுதுனீங்க?"

அவள் மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு மணலில் இறங்கி வந்தாள்.

"மிச்சம் எத்தன இருக்கு?"

இத்தனை வருடத்தில் அவளாக என்னிடம் ஒரு கணக்குக் கேட்டது அன்றுதான். "அஞ்சு செடி, ஏழு மொட்டு" என்றேன்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து மகள் போன் செய்தபோது விஷயத்தைச் சொன்னேன். வரும்போது ஒரு பூங்கொத்து வாங்கி வருகிறேன் என்றாள். பக்கத்தில் நின்ற என் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"வேணாண்டி. பஸ்ல வர்ற பூவு எனக்கு ஒத்துக்கல. நீ மட்டும் வா."

அதன் பிறகு அவள் கிண்டல் செய்யவே இல்லை. கிண்டல் செய்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மூங்கில் நட்டுக் கொசுவலை கட்டினேன். கிழக்கே காற்று எழும்பினால் சோற்றைப் பாதியில் விட்டு ஓடுவேன். உப்புப் படிந்த இலைகளை மழைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அப்படித் துடைக்கும்போது ஒரு மொட்டு என் முழங்கை பட்டு ஒடிந்தது. மூன்று நாள் விடாமல் அடித்த காற்றில் இரண்டு மொட்டு விரியாமலே கருகின. ஒன்று அவசரப்பட்டு நான்கு நாள் முன்பே மலர்ந்து, பிரிட்ஜில் வைத்தும் உதிர்ந்தது. ஆக, பூசையன்று காலையில் மூன்று.

மூன்றிலும் ஓரத்தில் பழுப்பு. நகம் வெட்டும் சிறு கத்தரியை எடுத்து அந்த ஓரத்தை நறுக்கப் போனேன்.

"வச்சிருங்க கீழ" என்றாள். "நம்ம ரெண்டு பேரு மூஞ்சிக்கு இது போதும்."

முருங்கை மரத்திலிருந்து இரண்டு கொத்து ஒடித்துவந்து, பச்சைக்காகச் சுற்றிலும் வைத்து, அவளே நூல் போட்டுக் கட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் பூங்கொத்து மாதிரிதான் இருந்தது.

கோவிலில் பீடத்துக்கு முன் இரண்டு நாற்காலி. அந்த முப்பத்தொரு பெண்களில் இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது முதல் இதழ் அவள் சேலை மடிப்பில் விழுந்தது. கடல் காற்றில் வெள்ளை ரோஜா நாலு மணி நேரம் தாங்கினால் பெரிது. இரண்டு, மூன்று. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கச் சொன்னபோது ஒரே சமயத்தில் ஐந்து விழுந்தன. இப்படியே போனால் முடியும்போது காம்புதான் மிஞ்சும். ஒன்பது. பத்து.

முழங்கையில் அவள் இடித்தாள். "என்னங்க, சாமி கேக்குறாரு."

"பதினொன்னு" என்றேன்.

மைக் பக்கத்தில் இருந்ததால் கோவில் முழுக்கக் கேட்டது. பங்குச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு முன் தந்த வாக்கை இன்றும் உறுதி செய்கிறீர்களா என்று இரண்டாவது தடவை கேட்டார். செய்கிறேன் என்றேன். அவளும் சொன்னாள், என்னைவிடச் சத்தமாக.

பூசை முடிந்ததும், பீடத்து வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை, நாற்பது வயதுக்காரர், எங்களிடம் வந்து கையை நீட்டினார். மணப்பெண்ணின் பூவை மாதா பீடத்தில் வைப்பது இங்கே வழக்கம்.

"குடுங்கம்மா, மாதாவுக்கு வச்சிர்றேன்."

அவள் பூங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். முருங்கைக் கொத்து இரண்டையும் நூலிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"இத வைங்க தம்பி. பூவப் பத்தி நான் மாதாகிட்ட முன்னயே பேசிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவள் மூன்று ரோஜாவையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள். எட்டுப் படி. ஆட்டோவில் வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் ஆறு இதழ் உதிர்ந்தன. காற்று அடிக்கிறது, உள்ளே தள்ளிப் பிடி, உள்ளே தள்ளிப் பிடி என்று வழி முழுக்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.